ராஜா போன தண்டவாளத்தைக் கழுவியது யார்?

போன மாதம் காரைக்காலில் நம் படிப்பு வட்டம் கூடியபோது, கல்லூரித் தங்கை ஒருவர் கைபேசியில் ஒரு காணொளி காட்டினார். ‘மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ்’ ரயிலின் உள்பக்கம். படுக்கை, குளியல் தொட்டி, வெள்ளித் தட்டு, தலைப்பாகை கட்டி வணங்கி நிற்கிற பணியாளர். பார்த்து முடித்ததும் அவர் கேட்டார்: “அண்ணே, நம்ம ஊருக்கு எப்பவாவது ராஜா ரயில் வந்திருக்கா?”

வந்ததாக எங்கள் பாட்டிமார் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்கு 1898இல் மீட்டர் கேஜ் பாதை வந்தது. பாதை பிரெஞ்சுக்காரன் பணத்தில், ஓட்டியது வெள்ளைக்காரனின் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. 1980களில் அந்தப் பாதையை மூடினார்கள். தண்டவாளம் போன மேட்டில் கருவை முளைத்தது. 2011 டிசம்பரில் நாகூர் பக்கமிருந்து அகலப் பாதை வந்தபிறகுதான் காரைக்காலுக்கு மறுபடி ரயில் என்று ஒன்று வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயில் சத்தமே கேட்காமல் வளர்ந்த ஊர் இது. ராஜா ரயிலுக்கு எங்கே போவது?

ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. ராஜா ரயில் நம் ஊருக்கு வரவில்லை என்றாலும், ராஜா ரயிலில் போனவர்கள் எடுத்த முடிவுகள் நம் ஊருக்கு வந்திருக்கின்றன. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் உலகக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்து ராணி விக்டோரியா 1842இல் ஸ்லவ் என்ற இடத்திலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு ரயிலில் போனார். ஆட்சியில் இருந்த ஒரு பிரிட்டிஷ் அரசர் ரயில் ஏறியது அதுவே முதல்முறை. 1869இல் அவருக்கென்று இரண்டு சலூன் பெட்டிகள் கட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோக நடுவே மடிப்புத்துருத்தி வைத்த வழி. அந்நாட்டில் அப்படி ஒரு வழி வைத்த முதல் பெட்டிகள் அவை. ஆனால் ரயில் ஓடும்போது அதில் நடக்க ராணிக்குப் பயம். வண்டியை நிறுத்தச் சொல்லி, நின்றபிறகுதான் நடப்பாராம். வேகமும் கூடாது. ஒருவருடைய பயத்துக்காக மொத்தப் பாதையும் மெதுவாக மூச்சுவிட்டது. போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸுக்கும் தனி ரயில் இருந்தது, அதன் பெட்டிகள் இப்போது ரோமில் அருங்காட்சியகப் பொருள். ரஷ்யப் பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் ரயில் 1888இல் போர்க்கி என்ற இடத்தில் தடம் புரண்டது. பேரரசரும் குடும்பமும் பிழைத்தார்கள். செத்தவர்கள் இருபது பேருக்கு மேல், பெரும்பாலும் பணியாட்களும் ரயில் ஊழியர்களும்.

அவருடைய மகன் இரண்டாம் நிக்கோலசின் கதை இன்னும் நன்றாக இருக்கும். 1917 மார்ச்சில் தலைநகரில் புரட்சி வெடித்ததும் அவர் தன் ரயிலில் அங்கே விரைந்தார். முன்னாலிருந்த நிலையங்கள் புரட்சிப் படையினர் கையில். மாலயா விஷேரா என்ற நிலையத்திலிருந்து ரயில் திரும்பியது. சுற்றிச் சுற்றி ப்ஸ்கோவ் போய்ச் சேர்ந்தது. அங்கே, அந்த ரயில் பெட்டிக்குள்ளேயே, முடிதுறக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். முந்நூறு வருஷத்து ரோமனோவ் ஆட்சி ஒரு சலூன் பெட்டியில் முடிந்தது. நம் பக்கத்திலும் 1928 ஜூலையில் நாகப்பட்டினம், பொன்மலை ரயில் தொழிலாளர்கள் தென்னிந்திய ரயில்வேயை நிறுத்திக் காட்டினார்கள், சிங்காரவேலர் அதற்காகச் சிறை போனார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1875 டிசம்பரில் விக்டோரியாவின் மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார். தூத்துக்குடிப் பாதை பொதுமக்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது 1876 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே இளவரசரின் தனி ரயில் அதில் ஓடிவிட்டது. மதுரை, திருச்சி, சென்னை என்று போனார். வழியில் மணியாச்சியில் நிறுத்தினார்கள். அங்கே கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், தமிழ் வேதாகமத்தைப் பரிசளித்தார்கள். கோயில் தெருவில் நடக்கவும் மேல்துணி போடவும் போராடிக்கொண்டிருந்த சாதி மக்கள் அவர்களில் மிகப் பெரும்பான்மை.

இந்தக் காட்சியைப் பார்த்து “அடிமை மனசு” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற தோழர்கள் உண்டு. நாங்கள் அப்படித் தள்ளமாட்டோம். உள்ளூர் மிராசுதாரும் அக்கிரகாரமும் ஏறெடுத்துப் பார்க்காத மக்களுக்கு, தொலைவில் இருக்கிற ராஜா ஒரு முறையீட்டு மன்றம் மாதிரித் தெரிந்தார். இரட்டைமலை சீனிவாசன் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் அறிமுகமானதைத் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்க, ஒரு தீண்டப்படாதவன் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்சாதிக்காரன் தூக்கிவிட மாட்டான் என்று இவர் சொன்னார். மன்னர் திடுக்கிட்டுக் கை கொடுத்தாராம். அந்தக் கைகுலுக்கலின் மதிப்பு அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மன்னரின் பேரரசு அதே நேரத்தில் நம் மக்களை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் நாம் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இளவரசர் ரயில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாயின் தென்பகுதி எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பஞ்சம் தலைவிரித்தாடிய 1877 ஜனவரி 1ஆம் தேதி, வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். ராஜாக்களும் நவாபுகளும் பரிவாரத்தோடு போய் இறங்கி நாள்கணக்கில் விருந்து சாப்பிட்டார்கள். அதே மாதம் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்த ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார் டெம்பிள் என்ற அதிகாரி. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு வெயிலில் மண் சுமக்க வேண்டும்.

ரயில் இருந்தால் பஞ்சம் வராது, தானியத்தை ஓடி எடுத்துவந்து கொடுக்கும் என்று அதுவரை சொல்லி வந்தார்கள். ரயில் ஓடத்தான் செய்தது. ஆனால் தானியம் போனது விலை அதிகம் கிடைக்கிற இடத்துக்கு. உள்ளூர்க் களஞ்சியத்திலிருந்து வியாபாரியின் கிடங்குக்கு, அங்கிருந்து துறைமுகத்துக்கு. வாங்கக் காசில்லாதவனுக்குத் தண்டவாளம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. யாருக்குக் காசில்லை? நிலம் இல்லாதவனுக்கு. நிலம் இல்லாதவன் யார் என்று காவிரிப் படுகைப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் காரைக்கால் கதைக்குள் வருகிறது. காரைக்கால் 1739இலிருந்து பிரெஞ்சுக்காரர் கையில். பிரான்சில் 1852இலிருந்து 1870 வரை மூன்றாம் நெப்போலியன் பேரரசர். அவருக்கும் ஒரு பேரரச ரயில் இருந்தது. 1850களில் ஒரு ரயில் கம்பெனி கட்டிக் கொடுத்தது, அலங்காரம் செய்தவர் வியொலே லெ துய்க் என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர். அதன் ஒரு பெட்டி இன்றும் பிரான்சில் முல்ஹவுஸ் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான பெட்டிதான், மறுக்கவில்லை.

அந்தப் பேரரசரின் அரசாங்கம் 1861இல் விக்டோரியாவின் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்ததால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. ஆள் ஏற்றிய துறைகளில் பாண்டிச்சேரி ஒன்று, காரைக்கால் ஒன்று. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று கப்பல்கள் போயின. தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு வட்டாரங்களின் சேரிகளிலிருந்தும் மற்ற ஏழைச் சாதிகளிலிருந்தும் ஆட்களைக் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். இரண்டு நாடுகளின் ராஜாக்கள் தத்தம் சலூன் பெட்டிகளில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், நம் முப்பாட்டன்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டு அரசலாற்று முகத்துவாரத்தைப் பார்த்து நின்றார்கள். தாது வருஷத்தில் கடல் தாண்டிப் போக ஆள் தானாகக் கிடைத்தது. பசி கூட்டிவந்தது.

அவர்கள் ரயிலில் காரைக்காலுக்கு வரவில்லை, ஏனென்றால் ரயில் இல்லை. 1880களில் பிரெஞ்சுக் காலனிகளுக்குக் கூலி அனுப்புவது நின்றது. பேரளம் பாதை வந்தது 1898இல். ஆள் ஏற்றுமதி முடிந்தபிறகு அரிசிக்கும் சரக்குக்கும் ரயில் வந்தது. கூலிக்காரன் நடந்தே வந்தான், நெல் மூட்டை ரயிலில் வந்தது.

அடுத்து நம் நாட்டு ராஜாக்கள். வெள்ளைக்காரனைப் பார்த்து இவர்களும் சலூன் கட்டினார்கள். மைசூர் அரண்மனையின் பெட்டிகள் மைசூரிலும் டெல்லியிலும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குவாலியர் சிந்தியா ஒருபடி மேலே போய், சாப்பாட்டு மேசைமேல் வெள்ளியில் ஒரு குட்டி ரயில் ஓடவிட்டார், விருந்தாளிகளுக்கு மதுக்குப்பி சுமந்துவர. கொச்சி ராஜா ரயில் பாதைக்குப் பணம் புரட்ட, திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பார்கள். இந்தக் கதையைக் கேரளத்தில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கோயில் தெருவில் அப்போது புலையர் நடக்க முடியுமா என்று கேட்டால் பேச்சு மாறும். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, மணி கட்டிய மாடு பூட்டி, தலைப்பாகையோடு பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். எங்களைக் கேட்டால், உலக வரலாற்றில் ராஜ ஊர்வலம் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான்.

பரோடாவின் கெய்க்வாட் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்திய ராஜாக்களில் ரயில் பைத்தியம் முதலில் பிடித்தது அந்தக் குடும்பத்துக்கு. 1862இலேயே தபோய்க்கும் மியாகாமுக்கும் இடையே குறும்பாதை போட்டு, எஞ்சினுக்குப் பதில் மாடு பூட்டி ரயில் ஓட்டினார்கள். பிறகு எஞ்சின் வந்தது, பாதைகள் பெருகின. மூன்றாம் சயாஜிராவ் நல்ல மன்னர் என்று பேர் வாங்கியவர், அதில் பொய்யில்லை. 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜுக்குச் சரியாகக் குனியாமல் முதுகைக் காட்டிப் போனார் என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. 1913இல் அண்ணல் அம்பேத்கரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய உதவித்தொகை அவர் கொடுத்தது. அதற்கு நாம் என்றும் நன்றியோடுதான் இருப்போம்.

படித்துவிட்டு, ஒப்பந்தப்படி பரோடாவில் வேலை செய்ய 1917இல் அண்ணல் வந்தார். கொலம்பியாவும் லண்டனும் பார்த்துவிட்டு வந்தவர் ரயிலடியில் இறங்கியதும் எழுந்த முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பது. இந்து விடுதியில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் விஷயம் தெரிந்துவிட்டது. தடிகளோடு ஒரு கும்பல் வந்து அவரை வெளியே போகச் சொன்னது. இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார், ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் ஏதோ காரணம் சொன்னார்கள். பம்பாய் ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணிநேரம் காமாட்டி பாக் என்ற பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் படிக்கிற அந்தச் சிறு நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ராஜா நல்லவர். ராஜாவிடம் ரயில் இருந்தது, அரண்மனை இருந்தது, அரசாணை போடும் அதிகாரம் இருந்தது. தான் படிக்க வைத்த பிள்ளைக்கு அந்த ஊரில் ஓர் அறை வாங்கித் தர அத்தனையும் போதவில்லை. அந்தப் பூங்கா இன்று சயாஜி பாக். அண்ணல் உட்கார்ந்த இடத்தை ‘சங்கல்ப பூமி’ என்று நம் மக்கள் கொண்டாடுகிறார்கள். அதே பூங்காவில் பிறகு குழந்தைகளுக்கு ஒரு பொம்மை ரயில் ஓடியது.

அதற்குப் பதினாறு வருஷம் முன்பு இன்னொரு ரயிலடி. 1901. அண்ணலுக்குப் பத்து வயது வாக்கில். அப்பா கோரேகாவில் காசாளர். பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்க அரசு அங்கே குளம் வெட்டிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்க அண்ணலும் அண்ணனும் அக்காவின் பிள்ளைகளும் புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி போட்டுக்கொண்டு சத்தாராவிலிருந்து ரயில் ஏறினார்கள். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். கூட்டிப் போக யாரும் வரவில்லை, போட்ட கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரித்தார். உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்திருந்தார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறியது. வாடகை வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்துவர, இரவு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் போனார்கள். கையில் சோறு இருந்தது, தண்ணீர் இல்லாமல் அதைச் சாப்பிட முடியவில்லை.

ரயிலுக்குள் அந்தப் பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைப் பாருங்கள். டிக்கெட்டில் சாதி இல்லை. சாதிவாரியாகப் பெட்டி வேண்டும் என்று மேல்சாதிக்காரர்கள் கேட்காமல் இல்லை. கம்பெனிக்காரன் காசைக் கணக்குப் பார்த்தான், வகுப்பு வைத்தானே தவிரச் சாதி வைக்கவில்லை. ரயில் வந்தால் சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும் என்று மார்க்ஸ் 1853இல் எழுதினார். பாதிதான் பலித்தது. தண்டவாளத்தின்மேல் சாதி கொஞ்சம் தூங்கியது, நடைமேடையில் இறங்கியதும் விழித்துக்கொண்டது. நம் தென்னிந்திய ரயில்வே நிலையங்களிலேயே பார்ப்பனருக்கு ஒரு சாப்பாட்டு அறை, மற்றவர்களுக்கு ஒன்று என்று பலகை மாட்டியிருந்தார்கள். பெரியார் இயக்கத்தின் போராட்டத்தால் 1941இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின.

சரி, தலைப்புக்கு வருவோம். ராஜா சலூன் என்றால் உலகம் முழுக்க முதலில் பெருமையாகச் சொல்வது மெத்தையையும் கண்ணாடியையும். எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது கழிப்பறை. சாதாரணப் பயணிக்கு நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் விக்டோரியாவின் பெட்டியில் கழிப்பறை இருந்தது. இந்தியாவில் முதல் வகுப்புக்கு 1891இல் வந்தது. கீழ் வகுப்பில் போனவர்கள் நிலையத்தில் இறங்கி ஓடினார்கள். 1909இல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, பலாப்பழம் தின்று வயிறு கனத்து, ஒதுங்கப் போன இடத்தில் ரயில் கிளம்பிவிட, ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்த கதையை அதிகாரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படித்துவிட்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். நாங்களும் சிரித்தோம்.

பிறகு எல்லா வகுப்புக்கும் கழிப்பறை வந்தது. அப்புறம் என்ன ஆனது என்பதை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் யாரும் எழுதிவைக்கவில்லை. பெட்டியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே தண்டவாளம். ராஜா போனாலும் கூலிக்காரன் போனாலும் விழுவது ஒரே இடத்தில். அதைத் துடைப்பமும் தகரமும் வைத்து வாரியது பெரும்பாலும் அருந்ததிய மக்களும் வடக்கே வால்மீகி மக்களும். நூறு வருஷத்துக்கும் மேலாக இந்திய ரயில்வேதான் நாட்டிலேயே அதிகமாக மனிதக் கழிவை மனிதக் கையால் அள்ளவைத்த நிறுவனம் என்று துப்புரவுத் தொழிலாளர் இயக்கங்கள் சொல்லி வந்தன.

1993இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ரயில்வேயில் எதுவும் நிற்கவில்லை. 2013இல் புதுச் சட்டம். அதில் கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கான விளக்கத்தில் ரயில் தண்டவாளம் என்ற சொல் சேர்ந்தது, பெசவாடா வில்சன் போன்றோர் நடத்திய நெடும் போராட்டத்தின் பலன். ஆனால் அதே சட்டத்தில் ஒரு சந்து விட்டார்கள். ரயில் பெட்டியின் கழிப்பறையை, அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உறையோடும் ஊழியர் சுத்தம் செய்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை என்ற கணக்கில் வராது. கையுறை போட்டால் மலம் மலமாக இருக்காது போலும். சட்டம் படிக்கிற தோழர்கள் இரண்டாம் பிரிவின் விளக்கங்களை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் துப்புரவுத் தொழிலாளர் இயக்க வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது தண்டவாளத்தையும் விடவில்லை, ரயில்வே காலவரம்பு வைத்து இதை ஒழிக்க வேண்டும் என்றது. பயோ டாய்லெட் 2011 வாக்கில் தொடங்கி, பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பெட்டிக்கும் வந்துவிட்டது என்று ரயில்வே சொல்கிறது. நல்ல மாற்றம், உண்மையாகவே. ஆனால் அடைத்துக்கொண்ட தொட்டியைத் திறப்பது இப்போதும் ஓர் ஆள். முன்பு ரயில்வே ஊழியராவது, இப்போது ஒப்பந்தக்காரரின் ஆள்.

குடியரசு வந்தபிறகு ராஜா ரயில் என்ன ஆனது? வைஸ்ராய்க்கு ஒரு வெள்ளை ரயில் இருந்தது. அது இரவில் போகும்போது தண்டவாளம் நெடுகக் கிராமக் காவலர்களைத் தீப்பந்தத்தோடு நிறுத்துவார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தலையாரியும் வெட்டியானும். 1929 டிசம்பரில் புரட்சியாளர்கள் இர்வின் ரயிலுக்குக் குண்டு வைத்தார்கள், அவர் தப்பினார். வைஸ்ராய் போனார், குடியரசுத் தலைவர் வந்தார். 9000, 9001 என்று எண் போட்ட இரட்டை சலூன்கள் அவருக்கு. 1971இல் இந்திரா காந்தி அரசு மன்னர் மானியத்தை ஒழித்தது. பதினொரு வருஷம் கழித்து, 1982 ஜனவரி 26 குடியரசு நாளன்று, ராஜாக்களின் பேரைச் சொல்லி ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ என்று ஒரு சுற்றுலா ரயில் கிளம்பியது. மானியத்தை நிறுத்திய அரசே மரியாதையை விற்கத் தொடங்கியது. இங்கிலாந்துக்காரர்களே செலவு கட்டுப்படியாகவில்லை என்று தங்கள் அரச ரயிலை 2027க்குள் நிறுத்தப்போவதாக 2025இல் சொல்லிவிட்டார்கள்.

2021 ஜூன் 25. குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் டெல்லி சஃப்தர்ஜங்கிலிருந்து கான்பூருக்குத் தனி ரயிலில் தன் சொந்த ஊர் பரௌங்குக்குக் கிளம்பினார். 2006இல் கலாம் டேராடூன் போனதற்குப் பிறகு ஒரு குடியரசுத் தலைவர் ரயிலில் போனது அப்போதுதான். வழியில் ஜின்ஜக், ரூரா என்று இரண்டு சின்ன நிலையங்களில் நிறுத்தி, பழைய பள்ளித் தோழர்களையும் ஊர்க்காரர்களையும் பார்த்தார். ஒரு தலித், மண்வீட்டில் பிறந்தவர், ராஜா ரயிலில் ஊர் திரும்புகிறார். அன்றைக்கு எங்கள் குழுவில் பெரிய சண்டை. பாதிப்பேருக்குக் கண் கலங்கியது. மீதிப்பேர், எந்தக் கட்சி ஏற்றிவிட்ட ரயில் அது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இன்றுவரை நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அன்று இரவே கான்பூரில் அவருடைய கார் வரிசைக்காகப் போக்குவரத்தை நிறுத்திவைத்ததில், மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் வழியிலேயே மாட்டிக்கொண்டு உயிரிழந்தார். போலீஸ் மன்னிப்புக் கேட்டது, குடியரசுத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாதையை மறிக்கிறவனுக்குக் கவலையில்லை. விக்டோரியாவுக்கு மறித்த மாதிரியே மறித்தான்.

கடைசியாக ஒன்று. ராஜா சலூன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ரயில்வே மேலதிகாரிகளுக்கு ஆய்வுக்குப் போக இன்றும் சலூன் பெட்டிகள் உண்டு, படுக்கையறை, சமையலறை, ஆள் அம்போடு. 2018இல் அதில் சிலவற்றைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். ஆனாலும் அதிகாரி சலூன் இன்னும் ஓடுகிறது.

நம் படிப்பு வட்டத்துத் தம்பி ஒருவரின் அம்மா டெல்டாவில் ஒரு ரயில் நிலையத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறார். காணொளி பார்த்த அன்று சாயங்காலம் தம்பியைக் கூட்டிப்போக வந்தவர், நம் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். சலூன் வருகிறது என்றால் மூன்று நாள் முன்னாலேயே தெரிந்துவிடுமாம். பிளீச்சிங் பவுடர் வந்து இறங்கும். வருஷத்தில் அந்த நாளில் மட்டும் புதுக் கையுறை கொடுப்பார்கள், போட்டோ எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தண்டவாளத்தைத் தேய்த்துக் கழுவி, நடைமேடை ஓரம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்தபிறகு மேஸ்திரி வந்து, வண்டி வரும்போது நீங்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்பாராம்.

“அப்புறம் எங்கம்மா நிப்பீங்க?” என்று அந்தக் கல்லூரித் தங்கை கேட்டார்.

“பார்சல் ஆபீஸுக்குப் பின்னாடி. சலூன் கிளம்பினதும் உடனே வரணும்ல. அவங்க கக்கூஸ் தண்ணி விட்டுட்டுப் போயிருப்பாங்க.”